பலர் பொறுக்கித் தந்த கடல்நாய்

நான் கேமரா இல்லாமல் படம் எடுப்பவள். கறுப்புப் படச்சுருளை மேசைமேல் நீட்டி, ஊசியால் கட்டம் கட்டமாகச் சுரண்டி உருவம் வரைவேன். அதை ஓட்டினால் இருட்டுக்குள் வெளிச்சக் கோடுகள் எழுந்து நடக்கும். இதற்கு முன் செய்த படத்தைத் தலைநகர் தாலினில் திரையிட்டபோது பாதி அரங்கு எழுந்து போய்விட்டது. போகாமல் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் அக்கா வீட்டு ஆட்கள்.

அதற்குப் பிறகுதான் கீனு தீவுக்கு வந்தேன். மீன்பிடிக்கும் எண்டெலும் அவர் மனைவி விர்வேயும் தங்கள் வலைக்கொட்டகையின் மாடியை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே இரண்டு வருஷமாக ஒரே ஒரு கடல்நாயைச் சுரண்டினேன். அது நீந்தும், முங்கும், மூச்சுவிட மேலே வரும். கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. சுருளைச் சில நாள் கடலில் ஊறவைக்க வேண்டும். உப்பு அதன் மேற்பூச்சை அங்கங்கே தின்னும். தின்ற இடம் திரையில் தண்ணீர்போல அலையும். ஆழமில்லாத கரையோரத்தில் கம்புகள் நட்டு, சுருளை வரிசையாகக் கட்டினேன்.

எண்டெல் படகிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"படம்னா அதுல யாராவது நடிக்கணும்ல, மாரெட்?"

"நடிக்கிறாரே, கடல்நாய்."

"என் வலையைக் கிழிச்சுப் போடுறவன் அவன். அவனுக்குப் போய் ஹீரோ வேஷமா?"

இரண்டு நாள் கழித்துப் புயல் அடித்தது. விடிந்து போய்ப் பார்த்தால் கம்புகளில் பாதிதான் நின்றன. சுருளைக் காணோம். நான் அழவில்லை. மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். ஆனால் காற்று தணியாததால் கப்பல் வரவில்லை, போகவும் வழியில்லை.

பெட்டிமேல் உட்கார்ந்திருந்தபோது எண்டெல் மீன்வாளியோடு படியேறி வந்தார். வாளிக்குள் பாசியும் கறுப்பு நாடாவுமாகச் சுருண்டு கிடந்தது.

"இந்தா, உன் ஹீரோ. வழக்கம்போல என் வலையிலதான் வந்து மாட்டினான்."

பின்னாலேயே வந்த விர்வே ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் என் வேலையைக் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். விரல் நகமளவு கட்டங்களில் கடல்நாய் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டையும் கையாலயா செஞ்சே?" என்றாள். அப்புறம் கீழே போய் வீடு வீடாகப் போன் போட ஆரம்பித்தாள்.

மத்தியானத்துக்குள் தபால்காரி சல்மே, பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் ஒரு கட்டுத் துண்டுகளோடு வந்து இறங்கினாள். நாணலில் சிக்கியது, வேலியில் சுற்றியது, முட்புதரில் தொங்கியது என்று ஊரே கொண்டுவந்தது. பேர்கூடத் தெரியாத ஒருவர் மாட்டின் கொம்பிலிருந்து அவிழ்த்ததாகச் சொல்லி ஒரு முழத் துண்டு தந்துவிட்டுப் போனார். விர்வே வீட்டுக் குளியல் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து எல்லாவற்றையும் அலசினோம். மீன் காயவைக்கும் கொடிகளில் தொங்கவிட்டோம்.

காய்ந்த துண்டுகளை ஊர்ப் பொதுமண்டபத்தின் நீள மேசையில் பரப்பியபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கால்வாசி கடலோடு போய்விட்டது. மீதியை என் பழைய வரிசைப்படி ஒட்டினால் எங்கும் ஓட்டை.

"என் துண்டுதான் முதல்ல வரணும்," என்றாள் சல்மே. "முள்ளுக்குள்ள பூந்து காலைக் கிழிச்சுக்கிட்டது நான்."

"கால் கிழிஞ்சவளுக்கெல்லாம் முன்வரிசையா?" என்றாள் விர்வே. "அப்ப என் புருஷன் வலை கிழிஞ்சதுக்கு என்ன தருவே?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முடிவும் வந்துவிட்டது. யார் முதலில் கொண்டுவந்தார்களோ அவர்கள் துண்டு முதலில். வந்த வரிசையிலேயே ஒட்டினேன்.

இலையுதிர்காலம் முடியும் சமயம், மண்டபத்திலிருந்த பழைய புரொஜக்டரைத் துடைத்து எண்ணெய் போட்டுப் படத்தை ஓட்டினோம். உப்பு நான் கேட்டதைவிட அதிகமாகவே தின்றிருந்தது. திரை முழுக்கத் தண்ணீர் கொதித்தது. சில இடங்களில் கடல்நாயே இல்லை. இனி வராது என்று நினைக்கும்போது எதிர்பாராத மூலையில் மூக்கை நீட்டியது. என் பழைய வரிசைப்படி ஒட்டியிருந்தால் இப்படி வந்திருக்காது.

"அது எங்க வேலியில கிடந்தது," என்று ஒரு குரல்.

"இது என்னுது. கீறலைப் பாரு, அது முள்ளு கிழிச்சது," என்றாள் சல்மே.

முடிவில் எல்லோர் பெயரையும் ஊசியால் சுரண்டிச் சேர்த்திருந்தேன். மாட்டுக்கொம்புக்காரர் பெயரை விர்வேயிடம் கேட்டு எழுதினேன். நடுங்கி நடுங்கி ஓடிய பெயர்களை அவர்கள் சத்தமாகப் படித்தார்கள். எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்திருந்தேன். விளக்குப் போட்டதும் அத்தனை பேரும் இடத்திலேயே இருப்பதைப் பார்த்தேன். "நீங்க இல்லன்னா..." என்பதோடு நின்றுவிட்டேன்.

"சரி சரி, தெரியும். இன்னொரு தடவை ஓட்டு," என்றார் எண்டெல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சுருளை மாட்டியதில் அதன் கடைசி நுனியை முதலில் மாட்டிவிட்டேன். திரையில் கடல்நாய் வயிறு மேலே தெரிய, பின்பக்கமாக நீந்தியது. நான் நிறுத்தப் போனேன்.

"விடும்மா," என்றார் எண்டெல், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அவன் மல்லாக்கவும் நீந்துவான்."