இரண்டு என்று சொன்னேன்

துணிக்கடைக்காரன் வீட்டில் முதலில் சொல்லும் எண்ணை யாரும் நம்புவதில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு என்றால் 'லேசா நூறு' என்போம். கேட்பவர் இரண்டைக் கூட்டிக்கொள்வார். என் மனைவியும் இதே குட்டையில் ஊறிய மட்டைதான். எதிர்க்கடைக்காரர் மகள்.

அவள் வயிற்றில் இரட்டையர். ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு பேர் என்பதால் 'பங்காளிங்க' என்றே கூப்பிட்டோம். பேருக்கு ஏற்றபடி, ஒருவன் இன்னொருவனின் ரத்தத்தை இழுத்துக்கொண்டிருந்தான். பதினெட்டாம் வாரம் டாக்டரம்மா மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, நடுவே ஓடிய ரத்தநாளங்களை லேசரால் பொசுக்கிப் பாகப்பிரிவினை செய்துவைத்தார். இரண்டு நெஞ்சும் துடித்தன.

குழாய் போன வழியில் பனிக்குடத்தில் ஓர் ஓட்டை மிஞ்சியது.

"தோல் கிழிஞ்சா ஆறும், இது ஆறாது," என்றார் டாக்டரம்மா. "ஒழுகினா அடைக்க ஒரு பசை இருக்கு. சிப்பி பாறையைப் பிடிக்கிற வித்தையைப் பாத்து செஞ்சது, ஈரத்துலயும் ஒட்டும். இன்னும் சோதனையிலதான் இருக்கு. ஆனா சவ்வு விரிஞ்சு நிக்கும்போதே வெக்கணும். தண்ணி வத்திட்டா ஒட்ட இடமில்ல."

"கிழிசலுக்கு ஒட்டுத்துணி குடுக்கிறது எங்க தொழில்தான் டாக்டர்," என்றேன். சிரித்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். வாரம் ஒரு ஸ்கேன். நடுவில் தினமும் காலையில், தண்ணீர் ஒழுகுகிறதா என்று கேட்க நர்ஸ் போன் செய்வாள்.

"எத்தனை பேட் நனைஞ்சது அண்ணே?"

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஐந்து. குப்பைக்கூடையைக் கவிழ்த்து நானே எண்ணினேன்.

"ரெண்டு சிஸ்டர்," என்றேன்.

மனைவி கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தாள். "மூணுன்னு சொல்லியிருக்கலாம்ங்க."

"எடுத்த எடுப்பிலேயே அஞ்சு, மூணுன்னா பயந்து கையை விரிச்சிடுவாங்க. ரெண்டுன்னா நாலுன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க. உங்கப்பா கடையில பழகினவதானே நீ?"

மறுநாளும் இரண்டு என்றேன். அதற்கு மறுநாளும். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளும் மனிதர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏழாம் நாள் ஸ்கேன். முன்பு நீச்சலடித்த பங்காளிகள் ஈரத்துணி சுற்றியதுபோல அசையாமல் ஒடுங்கிக் கிடந்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பிறகு நர்ஸ் எழுதிவைத்த தாளைப் பார்த்தார்.

"ரெண்டு, ரெண்டு, ரெண்டு... உண்மையில எத்தனை?"

"அஞ்சு. நேத்து ஏழு."

"மூணுன்னு சொல்லியிருந்தாக்கூட அன்னைக்கே வரச்சொல்லியிருப்பேனே," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"இப்ப அந்தப் பசையை..."

"ஒட்ட இடமில்ல. காய்ச்சலும் வந்திருக்கு, கிருமி ஏறிடுச்சு. இனி குழந்தைங்களை உள்ள வெச்சிருந்தா அம்மாவுக்கே ஆபத்து."

"நாலு வாரம் தள்ள முடியாதா?"

"முடியாது."

"ரெண்டு?"

"பத்தொன்பது வாரம்தான் ஆகுது. வெளிய வந்தா மூச்சு விட நுரையீரல் இல்ல."

"ஒருத்தனையாவது?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. பேரத்தில் பேசாமல் இருப்பவர் இறங்கி வரப்போகிறார் என்று அர்த்தம். நான் காத்திருந்தேன். அவர் இறங்கி வரவில்லை. எழுந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் வலி தொடங்கியது. போனில் பேசும் அதே நர்ஸ் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"வலி எப்படி இருக்குக்கா? பத்துக்கு எத்தனை?"

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். விரல் நகங்கள் வெளுத்திருந்தன.

"நாலு," என்றாள்.

நர்ஸ் எழுதப் போனாள். நான் அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுதாதீங்க சிஸ்டர். எங்க வீட்டு நாலு, நாலு இல்ல."

நர்ஸ் மனைவியைப் பார்த்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பத்து," என்றாள்.