குத்தம் பார்க்கிறவள்

1

இந்தக் கதையை ஓர் ஒலிப்பதிவிலிருந்து எடுத்தேன். பதினொரு நிமிடம், நாற்பது வினாடி. வெளிநாட்டு நிறுவனங்களுக்காகப் பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கும் அலுவலகம் ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்தபோது அது என் காதுக்கு வந்தது. கோப்பின் பெயரில் மும்பை, தாராவி, ரத்தினக்கல் பட்டறை, பெண் தொழிலாளி, தமிழ் என்று இருந்தது. அந்த ஷிப்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதிக் கொடுத்தேன். பிறகு வேலையை விட்டேன். பதிவை விடவில்லை.

அந்தப் பெண்ணிடம் அனுமதி கேட்கவில்லை. அவளிடம் எடுத்த பேட்டியோ இதைப் பற்றியதுதான்: இந்தக் கல் எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து எடுத்தது, அவர்களுக்கு நியாயம் கிடைத்ததா. இதே கேள்விகளை இந்தக் கதையிடம் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

(பெயர்களை மாற்றிவிட்டேன். இந்தத் தொழிலில் இதைப் பொட்டலம் மாற்றுவது என்பார்கள். கல் அதே கல்தான்.)

2

முதல் தொடக்கம்: "தாராவியின் குறுகிய சந்துகளில் காலைக் கதிரவனின் பொற்கிரணங்கள்" — அடித்துவிட்டேன். அந்தச் சந்துக்கு வெளிச்சம் டியூப்லைட்டிலிருந்து வருகிறது.

இரண்டாவது: "மாரீஸ்வரியின் கைகள் நடுங்கின" — நடுங்குகிற கையால் இரண்டு மில்லிமீட்டர் கல்லைத் தூக்க முடியாது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

மாரீஸ்வரி குத்தம் பார்க்கிறவள். பட்டறையில் அவள் வேலைக்கு அதுதான் பெயர். தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், தோல் பை தைக்கும் கூடத்துக்கு மேல்மாடியில் கரீம் பாட்சாவின் பட்டறை. ஒரு பக்கம் சக்கரங்களில் கல் தீட்டுகிறார்கள். மறுபக்கம் வடக்கு ஜன்னலோரம் வெள்ளைத் தாள் ஒட்டிய மேசை. அதன் முன்னால் உட்கார்ந்து லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சிவப்புக் கற்களை ஒவ்வொன்றாக இடுக்கியில் தூக்கிப் பார்ப்பாள். விரிசல், புள்ளி, மேகம், நூல். எல்லாமே குத்தம். குத்தத்தின் அளவை வைத்துக் கல்லைப் பிரித்துத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுவாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒதுக்கிய ஒரு கல்லையும் கரீம் பாட்சா திரும்ப எடுத்து வைத்ததில்லை.

"வீட்ல எம் மாமியா சும்மாவே குத்தம் பாக்கா. நான் சம்பளத்துக்குப் பாக்கேன்" என்பாள்.

முதல் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும் சுடலைக்கண்ணன் இதை நூறு தடவை கேட்டிருக்கிறான். "அவியள இங்க அனுப்புங்கக்கா. ஒரு கல்லு தேறாது" என்பான்.

குத்தத்தால் இன்னொரு பயனும் உண்டு. கல் பிறந்த ஊரை அதுதான் சொல்லும். பர்மாக் கல்லின் உள்ளே குட்டைக் குட்டை நூல்கள் பின்னிக் கிடக்கும். ஊதா டார்ச் அடித்தால் தணல் மாதிரி எரியும். மொசாம்பிக் கல் பெரும்பாலும் அவ்வளவு எரியாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து வந்தது.

பர்மாச் சுரங்கத்துக் காசு அங்குள்ள ராணுவத்துக்குப் போகிறது என்று வெளிநாட்டுக் கடைகள் அந்தக் கல்லை வாங்க மறுக்கின்றன. போன வருடத்திலிருந்து பட்டறைக்கு வருகிற எல்லாப் பொட்டலத்தின் மேலும் மொசாம்பிக் என்றே எழுதியிருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் தணல். பிரிக்கும்போதே அவளுக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. குத்தம் பார்க்கத்தானே சம்பளம்.

3

கல்லை வாங்கும் அந்தேரி ஏற்றுமதி நிறுவனம் தணிக்கைக்கு ஆள் அனுப்பியது. வந்தவள் ஒரு வெளிநாட்டுப் பெண். தொழிலாளியிடம் அவளுடைய தாய்மொழியில், தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. அதற்காகச் செம்பூரிலிருந்து மாலதியை மொழிபெயர்க்கக் கூட்டி வந்தாள். மாலதி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், ஆங்கிலமும் தமிழும் நன்றாகத் தெரிந்தவள். பட்டறையில் தனி அறை கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். பதிவில் கீழேயிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒன்பதாவது கேள்வி: இந்தக் கற்கள் க்ளீன்தானா?

மாலதிக்கு முதலில் வந்த சொல் "சுத்தமா" என்பதாக இருக்கும். கல்லைக் கழுவியாயிற்றா என்று கேட்பதுபோல் இருக்கவே விட்டிருப்பாள். "நேர்வழியில் வந்ததா" என்று கேட்டிருந்தால் போதும், இந்தக் கதையே இருந்திருக்காது. அவள் இன்னும் நல்ல சொல்லாகத் தேடினாள்.

"இந்தக் கல்லெல்லாம் குற்றமில்லாததுதானா?"

"குத்தமில்லாததா? இல்ல மேடம்."

"இல்லையா?"

(மௌனம்)

"குத்தமில்லாத கல்லுன்னு ஒண்ணு கெடையாது. எல்லாத்துலயும் இருக்கும். கூடக்கொறைய இருக்கும், அம்புட்டுதான்."

"உங்க முதலாளிக்கு இது தெரியுமோ?"

மாரீஸ்வரி சிரிக்கிறாள். "தெரியாமயா? அவிய பாத்துதான வாங்குதாவ. குத்தமே இல்லன்னு ஒருத்தன் கல்லு கொண்டாந்தாம்னா, கண்ணாடிய விக்க வந்திருக்காம்னு அர்த்தம்."

மாலதி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்: எந்தக் கல்லும் குற்றமற்றது இல்லை. முதலாளிக்கு அது தெரியும். தெரிந்தேதான் வாங்குகிறார். குற்றமே இல்லை என்று சொல்கிறவன் ஏமாற்றுக்காரன்.

தணிக்கைக்காரி வேகமாகத் தட்டச்சு செய்யும் சத்தம் பதிவில் தெளிவாகக் கேட்கிறது.

4

இத்தோடு நிறுத்தினால் இது ஒரு துணுக்கு. வார இதழில் அரைப் பக்கம் வரும். நிறுத்தவிடாமல் செய்வது, மேலே அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த மௌனம்.

மூன்று வினாடிக்கு மேல் யாரும் பேசாவிட்டால் அப்படிக் குறிக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. அது நான்கு வினாடி. அதில் அவள் என்ன நினைத்தாள்?

ஒருவேளை ஒன்றுமில்லை. கல்லைப் பற்றி ஒன்றுமே தெரியாத இந்த மேடத்துக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது என்று யோசித்திருக்கலாம்.

ஒருவேளை, வந்தவர்கள் எதைத் தேடி வந்தார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாரமாகப் பட்டறையில் அதே பேச்சு. கேள்வியின் இரண்டாவது அர்த்தம் அவளுக்கு எட்டியது. எட்டிய பிறகுதான் முதல் அர்த்தத்துக்குப் பதில் சொன்னாள், இரண்டாவது அர்த்தமும் போய்ச் சேரட்டும் என்று

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் அவளை வீராங்கனை ஆக்கிவிடுவேன். அந்தப் பட்டறையில் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். பதினொரு பேர் சோற்றில் கை வைக்கிற வீரத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவது எனக்கு மிகச் சுலபம்.

5

பத்தாம் நாள் அந்தேரியிலிருந்து கடிதம் வந்தது. விளக்கம் கிடைக்கும்வரை ஆர்டர் கிடையாது. சக்கரங்கள் நின்றன.

"என்னத்தக்கா சொன்னிய அந்த மாட்டுங்கா மாமிட்ட?" என்றான் சுடலைக்கண்ணன். "கல்லுல குத்தம் பாக்கச் சொன்னா, எங்களுக்கெல்லாம் தண்டன வாங்கிக் குடுத்துட்டிய."

"கல்லப் பத்தித்தாம்லே சொன்னேன்."

"கல்லப் பத்திச் சொன்னதுக்கா எங்க வாயில கல்லப் போட்டுட்டாவ?"

கரீம் பாட்சா கத்துகிற மனிதர் இல்லை. காயல்பட்டினத்துக்காரர். ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து அவள் மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"மாரி, கல்லோட குத்தத்தத்தானே நீ சொன்னே?"

"ஆமா பாய்."

"அதைத்தான் எழுத்துல கேக்குறாங்க. அந்தத் தமிழ் மேடமே எழுதிக்கிட்டு வருது. ஒரு கையெழுத்து போட்டுரு."

"போடுதேன் பாய்." மேசையிலிருந்த பொட்டலத்தைத் தொட்டு, "பாய், அந்தப் பொட்டலத்து மேல ஊரு எழுதியிருக்கே" என்றாள்.

"தரகன் எழுதுனது."

"உள்ள இருக்கது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நான் மேல எழுதியிருக்கிறத வாசிச்சு வாங்குறேன். உள்ள இருக்கிறத வாசிக்க ஒனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாதுன்னே வச்சுக்க."

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். வரவில்லை. கல் தூசி நெஞ்சில் இறங்கக் கூடாதென்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் தண்ணீர்க் குழாய் போட்டவர் அவர். இவர் வாங்காவிட்டால் அதே பொட்டலம் அடுத்த சந்துக்குப் போகும், அங்கே குழாய் இருக்காது. மொசாம்பிக் சுரங்கங்களைப் பற்றி நான் படித்தவையும் நிம்மதி தருவதாக இல்லை. என்றாலும் தணிக்கைப் படிவத்துக்கு அந்த ஊர் பிடித்திருக்கிறது.)

6

செவ்வாய்க்கிழமை மழை. மாலதி சாயனில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்த தாள் மட்டும் நனையவில்லை.

"என்னை மன்னிச்சுக்கோங்கோ. தப்பு என்னோடது. நான் வேற வார்த்தை போட்டிருக்கணும்."

"வார்த்த நல்ல வார்த்ததான் மேடம். உக்காருங்க."

தாளில் ஒரே வரி. "தணிக்கையின்போது நான் சொன்னது கல்லின் உள்ளே இருக்கும் பழுதைப் பற்றி மட்டுமே." கீழே கையெழுத்துக்கு இடம்.

அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களில் தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறவள் மாரீஸ்வரி ஒருத்திதான், எட்டாவதுவரை படித்தவள். இரண்டு முறை வாசித்தாள். விரல் நுனியைக் கடைசிச் சொல்லின்மேல் வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. இந்த 'மட்டுமே' எதுக்கு?"

"அது இருந்தா அவா உடனே ஒத்துப்பா. அதுதான் முக்கியம்."

"பழுதத்தான் சொன்னேன், சத்தியம். ஆனா இதப் போட்டா, உள்ள வேற ஒண்ணுமே நான் பாக்கலன்னுல்லா ஆயிரும்? பாத்தேனே."

சக்கரம் ஓடாததால் எல்லோருக்கும் கேட்டது. சுடலைக்கண்ணன் எழுந்து வந்தான்.

"எக்கா, ஒத்த வார்த்த. இருந்துட்டுப் போட்டும். எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

"எனக்கு மட்டும் பிள்ள இல்லையாலே?" அவள் குரல் உயரவில்லை. "எத வச்சுலே இம்புட்டு நாளும் சோறு திங்கோம்? நான் இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்ல. அத வச்சுத்தான். பாத்தத பாக்கலன்னு ஒரு தடவ எழுதிக் குடுத்துட்டா, நாளைக்கு நான் பிரிச்சு வைக்கிற கல்ல நானே நம்ப மாட்டேன்."

"அப்ப கையெழுத்து போட மாட்டியளா?"

"போடுவேன்."

மாலதியின் பேனாவை வாங்கினாள். "மட்டுமே" என்பதை இரண்டு கோடு போட்டு அடித்தாள். எழுத்து அடியில் தெரிகிற மாதிரிதான் அடித்தாள். கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

மாலதி அதை உடனே உறைக்குள் வைக்கவில்லை. "இதை நான் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பணும். இப்படி அடிச்சிருக்கேள்னு அவாகிட்ட சொல்லணுமா, வேண்டாமா?"

"எனக்குத் தமிழ்லதான் சொல்லத் தெரியும் மேடம். சொல்லிட்டேன்."

7

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது. பதிவு மாடிப்படியோடு முடிந்துவிடுகிறது. ஐந்தும் ஆறும் நானே எழுதியவை. கடிதம் வந்ததா, பட்டறை நின்றதா, எதுவும் எனக்குத் தெரியாது. தேடிப் போகவும் இல்லை. பொட்டலத்தில் பர்மாக் கல் இருந்தது என்றுகூட அவள் எங்கும் சொல்லவில்லை. நான்கு வினாடி மௌனத்தை வைத்துக்கொண்டு ஒரு பட்டறையின்மேல் குற்றம் சாட்டியிருக்கிறேன். தணிக்கைக்காரி சாட்டியிருந்தால்கூட, ஒரு பதிலையாவது வைத்துச் சாட்டியிருப்பாள்.

அவள் அந்தச் சொல்லை அடித்தாள் என்பது என் விருப்பம். அவள் இடத்தில் நான் இருந்தால் அடித்திருக்க மாட்டேன்.

முடிவை எழுத உட்கார்ந்தேன். "ஒரு மாதம் கழித்துச் சக்கரங்கள் மீண்டும்" என்று தொடங்கினேன். "பட்டறை இருந்த இடத்தில் இப்போது தோல் குடோன்" என்றும் தொடங்கினேன். பட்டறை பிழைத்தாலும் மூடினாலும் எனக்கு ஒரு கதை மிஞ்சும். நஷ்டம் வந்தால் அவர்களுக்குத்தான். அப்படிப்பட்டவன் முடிவு எழுதுவது சரியில்லை.

மாலதி சாயன் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். மாலைக்குள் அந்த ஒற்றை வரி ஆங்கிலத்தில் போக வேண்டும். அடித்த சொல்லை விட்டுவிட்டு மொழிபெயர்த்தால் வரி சுத்தமாக இருக்கும்: நான் சொன்னது கல்லின் உள்ளே இருக்கும் பழுதைப் பற்றி. அதில் பொய் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். "இங்கே ஒரு சொல்லைத் தொழிலாளி அடித்திருக்கிறார்" என்று குறிப்புப் போட்டால், எந்தச் சொல், ஏன் என்று மறுநாளே கேட்பார்கள்.

உங்களுக்கும் இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்திருக்கும். மாலதிக்குப் பதிலாக நீங்கள் எழுதுங்கள். குறிப்பு போடுகிறீர்களா, இல்லையா என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சுடலைக்கண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, மாரீஸ்வரிக்கு.