கோடு தொட்ட மூச்சு

நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரம்தான் இருக்கிறது, கணுக்காலில் இரண்டு பேர், இடுப்பில் ஒருத்தி, முதுகில் ஒருத்தி, கன்னத்தில் செம்மண், வாயிலிருந்து கபடி கபடி கபடி நூலாக வந்துகொண்டிருக்கிறது, அறுந்தால் ஆட்டம் போச்சு, வலது கையை நீட்டுகிறாள் சொர்ணலதா, விரல் நீள்கிறது, நீள்கிறது, அப்போது யாரோ, ஊதுங்கக்கா, ஊதுங்க, என்கிறார்கள், களத்தில் யாரும் யாரையும் ஊதச் சொல்ல மாட்டார்களே என்று கண்ணைத் திறந்தால் மண்ணும் இல்லை, கோடும் இல்லை, மூக்கில் ஒரு கிளிப்பும் வாயில் ஓர் அட்டைக் குழாயுமாக உட்கார்ந்திருக்கிறாள், திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியின் மூச்சுப் பரிசோதனை அறை, எதிரே கம்ப்யூட்டரைப் பார்த்தபடி ஜெபகனி என்று பெயர் அட்டை குத்திய டெக்னீசியன் பெண், அந்த ஆட்டம் நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

விசிலில்தான் எல்லாம் தொடங்கியது, பத்தொன்பது வருஷமாக அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளியில் பி.டி. டீச்சர், விசில் அவளுக்கு ஆறாவது விரல், சில மாதம் முன்பு ஒரு நாள் காலை பிரேயருக்கு முன்னால் அதை எடுத்தால் மற்ற ஐந்தும் மடங்கமாட்டேன் என்கின்றன, மூட்டெல்லாம் கொழுக்கட்டையாக வீங்கியிருக்கிறது, விசில் கீழே விழுந்து பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், நேற்று வலைக்கம்பம் நட்டதில் பிடித்திருக்கும் என்று நினைத்தாள், ஒரு மணி நேரத்தில் விரல் இளகிவிடும், மறுநாள் காலை மறுபடியும் கட்டை, டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குடிக்கிற நிலை வந்தபோது ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள், நோயைவிட அந்தப் பெயர்தான் அவளைக் குத்தியது, ஓடி ஓடியே வேலை வாங்கியவளுக்கு முடக்கு என்று ஒரு பெயரா.

டாக்டர் ஷாஜிதா, அவளைவிட வயதில் சின்னவர், வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா என்று போகும்போதெல்லாம் கேட்பார், ஒண்ணுமில்ல டாக்டர் என்று இவளும் தவறாமல் சொல்வாள், கைக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பற்றிப் பேசுவதா, தையல் கடையில் போய்ச் செருப்பைக் காட்டுவதா, போன வாரமும் அதையேதான் சொன்னாள், பக்கத்தில் இருந்த அவள் கணவர் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் லைன்மேன், வீட்டில் வாய் திறப்பதே அபூர்வமான மனிதர், இவ பொய் சொல்லுதா டாக்டர், என்றார், ரெண்டு மாசமா வறட்டு இருமலு, படி ஏறுனா மேமூச்சு வாங்குது, நடுப்படியில நின்னு செருப்பு வாரச் சரிபண்ணுத மாதிரி குனிஞ்சுக்கிடுதா, வாரு ஒண்ணும் அவுந்திருக்காது. நீங்க சும்மா இருங்க, என்றாள், முகம் சுட்டது, இத்தனை நாளும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், நல்லா இழுத்து விடுங்க, இன்னொரு தடவை, அந்தக் குளிர்ந்த வட்டம் அடிமுதுகில் வெகுநேரம் நின்றது, ஸ்கூல் பையில ஒட்டுப்பட்டையப் பிரிச்சா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி நுரையீரல்ல கேக்குதும்மா, என்றார், கைக்கும் நுரையீரலுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம், இது கையில தெரியுற நோய்ம்மா, கையோட நிக்கிற நோய் இல்ல, கிருமியப் பிடிக்க வேண்டிய நம்ம உடம்போட சக்தி ஆள் தெரியாம நம்மளையே பிடிக்குது, சில பேருக்கு ஆரம்பத்துலயே நுரையீரலையும் தொட்டுரும், ஸ்கேன் எடுத்து, ஊதியும் பாத்துருவோம். சொந்த அணிக்காரியே பாடப் போனவளைப் பிடிக்கிறாளா என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள், கபடியில் எதிர்ப்பக்கம் போவதை அவர்கள் பாடப் போவது என்பார்கள், சிரிப்பு வரவில்லை, ஊரில் அவளுக்குப் பெயரே மூச்சுக்காரி, அந்த மூச்சே போனால் பிறகு அவள் யார், பயந்தாள், நன்றாகவே பயந்தாள்.

மூன்று தடவை ஊதியாயிற்று, ஜெபகனி மூன்று தடவையும் உதட்டைப் பிதுக்கினாள், நூத்துக்கு அம்பத்தெட்டுதான் காட்டுதுக்கா, எண்பதாச்சும் வரணும், முயற்சி பத்தலன்னும் மிஷினு சொல்லுது. மாவட்ட அணிக்கு ஏழு வருஷம் பாடப் போனவளைப் பார்த்து ஒரு பெட்டி சொல்கிறது, முயற்சி பத்தலையாம், கோபம் வந்தது, அதற்கடியில் ஐம்பத்தெட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது, பாதி நெஞ்சு போய்விட்டதா, அடுத்த மாதப் போட்டிக்குப் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது, மறுபடி குழாயை வாயில் வைத்தாள், உடனே கோட்டோரத்திலிருந்து ஸ்டெல்லா கத்துகிறாள், கூட ஆடிய ஸ்டெல்லா, மொத்தத்தையும் விட்டுறாதளா, திரும்பி வரணும்லா, சொர்ணலதா விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக, நூலாக, நெஞ்சுக்கடியில் எப்போதும் ஒரு பிடியை வைத்துக்கொண்டு.

கதவோரம் நின்றிருந்த ஆவுடையப்பன், கல்யாணத்துக்கு முன்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டுப் பெண் கேட்டு வந்தவர், ஏம்மா, என்றார் ஜெபகனியிடம், இவ ஊதல, பாடுதா. பாடுதாங்களா, என்றாள் அவள். கபடி பாடுதாம்மா, திரும்பி வாரதுக்கு மூச்ச வச்சிக்கிட்டுல்லா விடுதா. பிறகு பக்கத்தில் வந்து குனிந்தார், ஏளா, நீ கோட்டத் தொட்டாச்சு, நம்ம பக்கம் வந்துட்ட, இனி எதுக்கு வச்சிருக்க, விடு.

நெஞ்சு நிறைய இழுக்கிறாள், ஒரு சாண் தூரத்தில் கோடு, வீங்கிய விரல்தான், மடங்காத விரல்தான், நீட்டுவதற்கு மடங்கவா வேண்டும், தொட்டாள், நாலு பேர் பிடியும் நழுவியது, விட்டாள், அத்தனையையும், வைத்துக்கொண்டிருந்த அந்தக் கடைசிப் பிடியையும், ஜெபகனி இன்னும் இன்னும் என்கிறாள், இன்னும் இருந்தது, அதையும் விட்டாள், இருமல் வந்து கண்ணில் நீர் முட்டியது, எண்பத்தொண்ணுக்கா, என்றாள் ஜெபகனி, இன்னும் இரண்டு தடவை ஊதச் சொன்னாள், எண்பது, எண்பத்தொன்று.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஒளிக்கவில்லை, அடிப்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் லேசா பாதிப்பு இருக்கும்மா, ஆனா ஆரம்பத்துலயே பிடிச்சுட்டோம், மருந்த மாத்துறேன், ஆறு மாசத்துக்கு ஒருக்க ஊதிப் பாக்கணும், இனிமே இருமல ஒளிக்கக் கூடாது. பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போலாமா டாக்டர். தாராளமா, நீங்க மட்டும் ஆட எறங்கிராதீங்க.

ஜங்ஷன் மேம்பாலத்தில் படியேறும்போது பாதியில் மூச்சு முட்டியது, கை தானாகச் செருப்பு வாருக்குப் போனது, பாதி குனிந்தவள் நிமிர்ந்தாள், மூச்சு வாங்குதுங்க, செத்த நில்லுங்க, என்றாள், ஆவுடையப்பன் ஒரு படி இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார், பின்னால் வந்தவர்கள் விலகி ஏறிப் போனார்கள், உச்சிப் படியின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு, அதற்கு இன்னும் ஆறே படிதான், நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், இங்கே ஆட்டம் போகாது.