பதினோராவது துப்பாக்கி

அரிசோனாவிலிருந்து பதினொரு துப்பாக்கிகள் திரும்பி வந்துவிட்டன என்ற பேச்சு, பெட்டி லாரியிலிருந்து இறங்கும் முன்பே பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. நிவேஸ் பெர்தோலியோ கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்கவில்லை. ஆனால் இழுப்பின் வேகம் கூடிவிட்டதை அடுத்த மேசையில் மெருகேற்றிக்கொண்டிருந்த எத்ஸியோ கவனித்தான்.

"மெதுவா, மெதுவா. அந்த இரும்பு உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றான்.

"உன் வேலையப் பாரு."

மெல்லா ஆற்றங்கரையில் நானூறு ஐந்நூறு வருஷமாகத் துப்பாக்கிக் குழல் துளைக்கிற பள்ளத்தாக்கு அது. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காக்காரர்கள் செய்து, பிறகு அவர்களே கைகழுவிய லீவர் துப்பாக்கியை இன்று அச்சு அசலாகச் செய்து அவர்களுக்கே அனுப்புகிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். கைப்பிடிக்குக் கீழிருக்கும் இரும்பு வளையத்தை முன்னே தள்ளினால், பித்தளைக் கட்டை ஒன்று தோட்டாவைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். பின்னே இழுத்தால் தோட்டா குழலுக்குள் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஏற்றமும் இறக்கமும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்றால், கடைசியில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் கையால் இழைத்துப் பொருத்த வேண்டும். இருபத்தாறு வருஷமாக நிவேஸ் செய்வது அந்த வேலை. பொருத்துகிற எட்டுப் பேருக்கும் அவள்தான் தலைமை. யார் பொருத்தினாலும் பக்கத் தகட்டுக்கு உள்ளே, வெளியே தெரியாத இடத்தில், தன் பெயரின் இரண்டு முதலெழுத்தை அடித்துவிடுவார்கள்.

மறுநாள் காலை முதலாளி அத்தீலியோ சந்த்ரீனி துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிய அமெரிக்கரைப் பட்டறைக்கே அழைத்து வந்தார். பெயர் டுவைட் ஹாலிஸ். இவர்கள் செய்வதை அங்கே இறக்கி விற்கிறவர். ஆறடிக்கு மேல் உயரம். கைகுலுக்கிய கையோடு பேச ஆரம்பித்தவர், மூச்சுவிடாமல் ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினார். அந்தப் பாஷை அத்தீலியோவுக்குத் தெரியும், எத்ஸியோவுக்கு அரைகுறை, நிவேஸுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அத்தீலியோ நிவேஸிடம் திரும்பினார்.

"சின்னச் சின்னச் சிரமம் இருக்காம்."

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிறத்தியார் முன்னால் அவரை முதலாளி என்பாள். கோபம் வந்தால் அது மறந்துவிடும்.

"அவரு அவ்வளவு நேரம் பேசினாரு. நீ நாலு வார்த்தை சொல்ற. மீதியெல்லாம் எங்க?"

"மீதி திட்டுதான்," என்றான் எத்ஸியோ. "ஸ்பகெத்தின்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு. நம்ம சாப்பாட்டை வச்சு நம்மளையே திட்டுற பேரு."

அத்தீலியோ கழுத்தைச் சொறிந்துகொண்டார். "சரி, கேட்டுக்க. ஒரே கிளப்புல பதினொரு பேர் வாங்கினாங்களாம். சுடுற போட்டி நடுவுல பதினொண்ணும் சிக்கிக்கிச்சாம். நகல்னா நகல்தான், அவரோட கொள்ளுத்தாத்தா வச்சிருந்த அசல் ஒரு நாளும் சிக்கினதில்லைன்னு சொல்றாரு."

தோட்டாவைக் கேட்டு நிவேஸ் ஹாலிஸிடம் கையை நீட்டினாள். ஹாலிஸ் புரிந்துகொண்டு, பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கிளப்புக்காரர்களே செய்துகொள்கிற தோட்டாக்கள், வெடிமருந்து போடாமல் சோதனைக்காகக் கொண்டுவந்தவை. அவள் முதல் துப்பாக்கியில் ஆறு தோட்டாவை ஏற்றி வளையத்தைத் தள்ளினாள். மூன்றாவதில் நின்றுவிட்டது. ஹாலிஸ் கையை விரித்தார், பார்த்தாயா என்பதுபோல.

ஒரு தோட்டாவை எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிட இரண்டு மில்லிமீட்டர் குட்டை. தோட்டா குட்டையானால் பித்தளைக் கட்டையில் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் அடுத்த தோட்டாவின் பின்பாகம் நுழைந்து தாழ்ப்பாள் போட்ட மாதிரி மறித்துக்கொள்ளும். பட்டறையின் சோதனைத் தோட்டாக்களை ஏற்றி அதே துப்பாக்கியை நாற்பது முறை இயக்கினாள். ஒரு தடங்கலும் இல்லை.

ஹாலிஸ் ஏதோ சொன்னார். "நல்ல துப்பாக்கின்னா எதைப் போட்டாலும் விழுங்கணுமாம்," என்றார் அத்தீலியோ.

"அலமாரிச் சாவியக் குடு."

"எந்த அலமாரி?"

"கண்ணாடி அலமாரி."

அத்தீலியோவின் முகம் வெளிறியது. நகல் செய்வதற்கு அளவெடுக்கவென்று அவருடைய அப்பா டெக்ஸாஸ் வரை போய் வாங்கி வந்த அசல் துப்பாக்கி அதற்குள் இருந்தது. தூசி துடைப்பதற்குக்கூட அவர் வேறு யாரையும் விட்டதில்லை. இருந்தாலும் சாவியைக் கொடுத்தார்.

நிவேஸ் அசலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கிளப்புக்காரர்களின் தோட்டாக்களை ஏற்றி, ஹாலிஸின் கையிலேயே கொடுத்தாள். அவர் வளையத்தைத் தள்ளினார். முதல் தோட்டா போயிற்று. இரண்டாவதில் சிக்கியது. உதறிவிட்டு மறுபடி முயன்றார். மறுபடியும் சிக்கியது.

பட்டறையில் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அசலுக்கும் யாரோ ஸ்பகெத்தி ஊட்டிட்டாங்கபோல," என்றான் எத்ஸியோ.

நிவேஸ் அசலின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே உளிக்கோடுகள் உழுத வயல் மாதிரி அப்படியே கிடந்தன. பக்கத்தில் தங்கள் துப்பாக்கி ஒன்றைத் திறந்து வைத்தாள். அது உள்ளேயும் கண்ணாடியாய் மின்னியது.

"உள்ள யாரு பாக்கப்போறான்னு அவங்க அப்படியே விட்டுட்டாங்க. நாங்க விடல. இதைச் சொல்லு."

அத்தீலியோ அதை ஓர் எழுத்துக்கூட விடாமல் சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகச் சரியான தோட்டாவில் ஓட்டிப் பார்த்தார்கள். பத்தும் தேறின. ஹாலிஸின் குரல் இறங்கியது, சிரிப்பும் வந்தது. போலெந்தா என்கிற சோளக்களியும் முயல்கறியும் காத்திருக்கின்றன என்று சொல்லி அத்தீலியோ அவர் தோளில் கைபோட்டு வாசலுக்கு நடத்திப் போனார். முறைக்காகப் பதினோராவதை நிவேஸ் எடுத்தாள்.

இருபதாவது இழுப்பில் கை ஏதோ சொன்னது. நின்றது என்று சொல்ல முடியாது. மயிரிழை அளவுக்கு ஒரு தயக்கம். காதுக்குக் கேட்கவில்லை. மறுபடி ஓட்டினாள். முப்பத்தோராவதில் அதே தயக்கம். தகட்டைக் கழற்றினாள். பித்தளைக் கட்டை ஏறி இறங்கும் பள்ளத்தின் ஒரு மூலையில், வெட்டிப்போட்ட நகத்துணுக்கு அளவில் ஒரு பிசிறு. அது பித்தளையில் நீளமாய்க் கீறல் போட்டிருந்தது. முத்திரையைப் பார்த்தாள். அவளுடையது.

காது மடல் சுட்டது. அரத்தால் இரண்டு இழுப்பு போதும். அவர்கள் வாசலைத் தாண்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எத்ஸியோ ஒருவன்தான் பார்த்தான், அவனும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"அத்தீலியோ, அவரைக் கூப்பிடு."

இருவரும் திரும்பி வந்தார்கள்.

"சொல்லு. பத்தும் தோட்டாக் கோளாறு. இது அப்படியில்ல. இது என் தப்பு."

அத்தீலியோ புன்னகை மாறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? ஜெயிச்சாச்சு, சாப்பிடப் போறோம்."

"சொல்லு."

அவர் ஹாலிஸிடம் ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் நீளமாக.

"மலைக்காத்து நல்லா இருக்குன்னு சொல்றாரு முதலாளி," என்றான் எத்ஸியோ.

நிவேஸ் ஹாலிஸின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவருடைய ஆள்காட்டி விரலை அந்தப் பிசிறின் மேல் வைத்தாள். பிறகு பித்தளையிலிருந்த கீறல்மேல். பிறகு தகட்டுக்குள் இருந்த இரண்டு எழுத்தின் மேல். கடைசியில் தன் நீல மேலங்கியில் தைத்திருந்த பெயரைத் தொட்டு, நெஞ்சில் இரண்டு முறை தட்டிக்கொண்டாள்.

ஹாலிஸ் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அவள் பிசிறை எடுத்து, சாணைக்கல்லால் வழித்து, பித்தளையைத் தேய்த்துப் பழையபடி பொருத்தினாள். அவர் தானே வாங்கி நூறு முறை ஓட்டினார். வாய்விட்டு எண்ணினார். எங்கும் தயங்கவில்லை.

எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அத்தீலியோ தரையைப் பார்த்தபடி அதைச் சொன்னார்: "மத்தப் பத்தையும் இப்பதான் நம்புறேன்னு சொல்றாரு."

அன்று நிவேஸும் எத்ஸியோவும் முதலாளி மேசையில் சாப்பிட்டார்கள். வருகிற வருஷத்து ஆர்டர் இரட்டிப்பானது. ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டாவின் நீளத்தை எழுதி ஒரு சீட்டு வைப்பதென்று முடிவாயிற்று. 'இதைவிடக் குட்டையாகப் போட்டால் அசலும் சிக்கும்' என்று எழுதச் சொன்னாள் நிவேஸ். அத்தீலியோ அளவை மட்டும் குறித்துக்கொண்டார்.

ஹாலிஸுக்கு இன்னொரு ஆசை இருந்தது. பொருத்தியவரின் முத்திரையை வெளியில் தெரிகிற மாதிரி அடிக்க முடியுமா என்று கேட்டார். வாங்குகிறவர்களிடம் காட்டிச் சொல்லலாமாம். அத்தீலியோ உற்சாகமாகத் தலையாட்டி அவளைப் பார்த்தார்.

"வெளிய வேண்டாம்," என்றாள் நிவேஸ். "அங்க கம்பெனி பேரு இருக்கு, அது போதும். ஏதாவது கோளாறுன்னா திறந்து பாக்கட்டும், யாரைத் திட்டணும்னு உள்ளயே எழுதியிருக்கு. கோளாறு இல்லன்னா எதுக்குத் திறக்கணும்?"

இந்தத் தடவை அத்தீலியோ எதையும் குறைக்கவில்லை. ஹாலிஸ் மேசையில் தட்டிச் சிரித்தார். போலெந்தா ஆறி இறுகிப்போயிருந்தது. நிவேஸ் அதையே இன்னொரு துண்டு வெட்டிப் போட்டுக்கொண்டாள்.