பாதிப் பந்தலில் பூ

தெரியாது என்று சொல்கிற மனிதன் இப்போதெல்லாம் மயிலாப்பூரில் ஒருத்தன்கூடக் கிடையாது. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறான். கேட்காவிட்டாலும் வைத்திருக்கிறான். தண்ணீர் கேன் போட வந்தவன் மொட்டை மாடி வரைக்கும் ஏறி, தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கால்சியம் கம்மி பாய்" என்று சொல்லி இறங்கிப் போகிறான். கேபிள்காரன் மோர் தெளிக்கச் சொல்கிறான். எதிர்வீட்டு டீச்சர் மோர் தெளித்தால் செடி செத்துவிடும் என்கிறார். மூன்று பேரில் ஒருவரும் ஒரு புதினாக் குச்சியைக்கூட மண்ணில் ஊன்றியவர் இல்லை. போனில் பார்த்தார்களாம்.

நான் தார்ப்பாய் தைத்தவன். பெயர் குலாம் ரசூல். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. லாரிக்கும் கல்யாணப் பந்தலுக்கும் ஐம்பது வருடம் தைத்திருக்கிறேன். செடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. எனக்குத் தெரிந்தது இரண்டுதான். தண்ணீர் எங்கே தேங்கும், காற்று எந்தப் பக்கத்தில் தூக்கும். ஐப்பசி கார்த்திகையில் மாடித்தோட்டத்தைக் காப்பாற்ற அது போதும் என்பது என் கட்சி.

தோட்டம் என் மருமகள் ஜுவேரியாவுடையது. மாடி எங்களுடையது இல்லை. வீட்டுக்காரர் கல்யாணராமன் சாரும் அவர் மனைவி ஜலஜாவும் முதல் மாடியில் இருக்கிறார்கள். நாங்கள் முப்பது வருடமாகக் கீழ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ் வீட்டுக்குள் வெயில் வராது. என் மகன் ஹஸன் காலையில் பாண்டி பஜார் கடைக்குப் போனால் ராத்திரிதான் வருவான். அதுவரைக்கும் அந்தப் பெண் நான்கு சுவரையும் என் மூஞ்சியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜலஜாம்மா மாடியில் செடி வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் அவள் வாயில் பாட்டு வந்தது. கத்தரி, தக்காளி, காலிஃபிளவர், நீல டிரம்மில் ஒரு எலுமிச்சை, பதினாறு அடிக்கு ஒரு அவரைப் பந்தல்.

இந்த வருடம் ஆடியில் அவரை விதை போட்ட வாரமே கல்யாணராமன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ரசூல் பாய், தப்பா நெனச்சுக்காதீங்கோ. மாடிக்கு ஷீட் போட்டு வீணை கிளாஸுக்கு விடலாம்னு இருக்கேன். போன மழைக்கு எல்லாம் அழுகி ஒரே நாத்தம். ஒரு காயாவது கண்டோமா?"

ஜலஜாம்மா உள்ளேயிருந்து வந்தார். "ஏன்னா, அந்தப் பொண்ணு இப்பதான் அவரை போட்டிருக்கா. பொங்கல் வரைக்கும் விடுங்கோ."

"சரி, பொங்கல் வரைக்கும். அன்னிக்கு நம்மாத்துக் கூட்டுக்கு அந்தப் பந்தல்லேர்ந்து அவரைக்காய் வரணும். வந்தா தோட்டம் இருக்கட்டும். வரலேன்னா ஷீட்டுதான், நீங்க ஒண்ணும் சொல்லப்படாது."

வீட்டுக்காரன் வார்த்தையை நான் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் ஜுவேரியாவிடம் வந்து சொன்னேன். அன்று சாயந்திரம் பந்தலுக்கு இன்னும் நான்கு கயிறு கட்டினாள்.

மழை தொடங்கியதும் என் வேலையை நான் பார்த்தேன். செடிப் பைகளையெல்லாம் செங்கல்மேல் தூக்கி வைத்தேன். தார்ப்பாய் தைக்கிற ஊசியால் ஒவ்வொரு பைக்கும் அடியில் எட்டு ஓட்டை போட்டேன். காலிஃபிளவர் பூ வெயில் பட்டு மஞ்சளாகாமல் இருக்க அதன் இலையையே மேலே மடித்து நூலால் கட்டினேன். போன வருடம் மாதிரி இல்லை, ஒரு பைகூட அழுகவில்லை. இதை யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீபாவளி முடிந்த வாரம் தக்காளி திருடு போனது. பழுத்த நான்கு பழம், ஒரே வாரத்தில்.

"எலியா இருக்கும் மாமா" என்றாள் ஜுவேரியா.

"எலி காம்போட கிள்ளினு போவுமா? கடிச்சிப் போட்டுட்டுப் போவும். இது மனுசன் வேல."

"மனுசன் நாலு தக்காளிக்கு ரெண்டு மாடி ஏறுவானா?"

"இந்தக் காலத்துல ஏறுவான்."

எனக்குத் தண்ணீர் கேன்காரன்மேல் சந்தேகம். கேபிள்காரன்மேலும் சந்தேகம். மறுநாளே ஒரு பெரிய போகஸ் லைட் வாங்கிவந்து, கிழக்கே தண்ணீர் டேங்க் குழாயில் உயரமாகக் கட்டினேன். இருட்டினால் எரியும், விடிந்தால்தான் அணையும். மாடி முழுக்க பகல் மாதிரி இருந்தது. திருட்டு நின்றுவிட்டது. தக்காளியும் தீர்ந்துவிட்டது என்று ஜுவேரியா சொன்னாள். அது வேறு விஷயம்.

கார்த்திகையில் புயல் சின்னம் என்றார்கள். கடல் பக்கம் கிழக்கு, காற்று அங்கேயிருந்துதான் வரும். வீட்டிலிருந்த எட்டடித் தார்ப்பாயை எடுத்துப்போய் டேங்குக்கும் பந்தலுக்கும் நடுவில் திரை மாதிரி இழுத்துக் கட்டினேன். பந்தல் பதினாறு அடி. வடக்குப் பாதிக்குத்தான் திரை எட்டியது. தெற்குப் பாதி திறந்தே கிடந்தது. மூன்று நாள் மழை கொட்டியது. திரை நின்றது, பந்தலும் நின்றது. அடுத்த சின்னம் வருகிறது என்றதால் அவிழ்க்கவில்லை.

கார்த்திகை தீபம் ஏற்றிய மறுநாள் காலை ஜுவேரியா கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து கூப்பிட்டாள். "மாமா, மேல வாங்க."

போனேன். பந்தலின் வடக்குப் பாதியில் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. தெற்குப் பாதியில் ஒரு மொட்டு இல்லை. இலை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கொழுத்து நின்றது.

"பார்த்தியா. பாய் கட்டின பக்கம் பூத்துக்கினு கீது. கட்டாத பக்கம் இன்னா கீது? எல. நாளைக்கே இன்னொரு பாய் கொண்டாந்து அந்தப் பக்கமும் மறைக்கிறேன்."

"மாமா, அந்தப் பாய் காத்த மட்டுமா மறைக்குது?"

"வேற இன்னாத்த?"

அவள் டேங்க் குழாயைக் காட்டினாள். "லைட்ட. நேத்து சாயந்திரம் எரிய ஆரம்பிச்சதும் பார்த்தேன். பாயோட நிழல் எங்க முடியுதோ பூவும் அங்கதான் முடியுது. ஒரு ஜாண் மாறல. அவரைக்கு நீளமான ராத்திரி வேணும் மாமா. பனிக் காலத்துல அது பூக்குறதே அதனாலதான். நாம விடிய விடிய லைட்டப் போட்டு அதுக்கு ராத்திரியே இல்லாம பண்ணிட்டோம்."

"போன்ல சொன்னாங்களா?"

"நிழலப் பார்த்தேன். அப்புறம் போன்லயும் பார்த்தேன்."

"செடி தூங்குமா? குறட்ட வுடுமா?"

அவள் சிரிக்கவில்லை. "பொங்கலுக்கு ஆறு வாரம் கூட இல்ல. இந்தப் பாதில வர்ற காய் ஒரு கைப்பிடி கூடத் தேறாது. அந்தப் பாதி பூக்கலன்னா ஷீட்டு போட்டுடுவாரு. அந்தப் பக்கமும் பாயக் கட்டினா காலை வெயிலும் போயிடும். லைட்ட அணைங்க, அது போதும்."

"அணைச்சா திருடன் வருவான்."

"எதத் திருட? பூக்காத கொடியையா?"

எங்கள் சத்தம் கீழே கேட்டிருக்கும். ஜலஜாம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பூவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பாய், லைட்டை அணைச்சுடுங்கோ. திருடனெல்லாம் யாரும் வரமாட்டா."

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்காத்துக்காரர்தான். கார்த்தால மாடியில எட்டு போட்டு நடப்பாரோன்னோ, அப்ப ரசத்துக்குன்னு ஒண்ணு ஒண்ணா கிள்ளிண்டு வந்தார். நானும் யோசிக்காம ரசம் வெச்சேன். சொல்லலாம்னு பார்க்கறதுக்குள்ள நீங்க அவ்வளவு பெரிய லைட்டை மாட்டிட்டேள். அப்புறம் எப்படிச் சொல்றது?"

ஜுவேரியா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காம்போடு கிள்ளியது மனுசன்தான் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அதை ஒருத்தரும் நம்பவில்லை.

"நான் சொன்னப்ப எலின்னியே" என்று ஜுவேரியாவிடம் சொன்னேன்.

"தப்புதான் மாமா. இப்ப அணைக்கலாமா?"

திருடன் யாரென்று தெரிந்த பிறகு காவலுக்கு விளக்கு எதற்கு? அந்தக் காரணத்துக்காகத்தான் ஒயரைக் கழற்றினேன். செடியின் தூக்கத்துக்காக இல்லை. தார்ப்பாயையும் வடக்குப் பக்கத்திலிருந்து அவிழ்க்கவில்லை. அவள் கேட்டாள், முடியாது என்றேன்.

மார்கழி பிறந்தது. பனி இறங்கியதும் வடக்குப் பாதிப் பூக்காம்புகளில் கறுப்புப் பேன் அடை அடையாக ஏறியது. ஒரு வாரம் விட்டால் அத்தனை பிஞ்சையும் உறிஞ்சிவிடும். ஜுவேரியா வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து அடித்தாள். இடுக்கில் இருப்பது சாகவில்லை. நான் காலைத் தொழுகை முடிந்து மேலே போய், ஒவ்வொரு காம்பாகக் கட்டைவிரலால் வழித்தேன். ஐம்பது வருடம் ஊசி தள்ளிய விரல், பூ உதிராமல் அழுத்தத் தெரியும். கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், கீழே ஜலஜாம்மா கோலம் போடுவார், நான் பேன் நசுக்குவேன். கல்யாணராமன் சார் எட்டு போட்டு நடப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார், பாவம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் என் பக்கத்தில் நின்றார். "பாய், அந்த தக்காளி..."

"ரசம் நல்லா இருந்துச்சா?"

"பரவால்லாம இருந்தது."

"நம்ம செடி. நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. ஷீட்டைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எடுக்காததால் மறந்துவிட்டார் என்று ஹஸன் சொன்னான். மறக்கமாட்டார். பேச்சு பேச்சுதான் என்பார். எனக்குத் தெரியும்.

தெற்குப் பாதி மூன்று வாரத்துக்கு மேல் சும்மா நின்றது. ஜுவேரியா தினமும் மூன்று தடவை ஏறி இறங்கினாள். "நாம லேட்டா அணைச்சுட்டோம் மாமா" என்றாள். நான் எலுமிச்சை டிரம்மில் களை பிடுங்கினேன். ஜனவரி பிறந்த அன்று அவள் கத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. படியிறங்கி வந்து என் முன்னால் உள்ளங்கையை விரித்தாள். அரிசி அளவில் நான்கு மொட்டு. தெற்குக் கோடியில் கிள்ளியதாம்.

"இதப் போயி ஏன் கிள்ளின?" என்று திட்டினேன்.

"இன்னும் நூறு இருக்கு மாமா."

பொங்கலன்று காலை கல்யாணராமன் சார் வேட்டியும் கூடையுமாக மேலே வந்தார். பின்னால் ஜலஜாம்மா. பந்தல் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரைக்கும் ஊதாவாக இருந்தது. வடக்கில் முற்றிய காய், தெற்கில் தீக்குச்சி நீளத்துக்குப் பிஞ்சு. அவரே பறித்தார். வடக்கில் பறித்து முடித்தபோது கூடையின் அடிதான் மறைந்தது. ஜுவேரியா கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தெற்குப் பக்கம் போய்ப் பிஞ்சுகளைத் தூக்கிப் பார்த்தார். பறிக்காமல் விட்டார்.

"ஏம்மா, இதெல்லாம் பெரிசாக எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரம் சார்."

"அப்போ இதை இப்ப பறிக்கப்படாது. பாவம்." கூடையை மனைவியிடம் நீட்டினார். "ஜலஜா, கூட்டுக்கு இது போறுமா?"

ஜலஜாம்மா கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தாராளமா போறும். பூசணிக்காய் கொஞ்சம் கூடப் போட்டுக்கறேன்."

"அப்போ பேச்சுப்படி காய் வந்துடுத்து. வீணை கிளாஸுக்கு வேற இடம் பார்த்துக்கச் சொல்றேன்." ஜுவேரியாவைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த வருஷம் தக்காளி கொஞ்சம் கூட வெச்சுக்கோம்மா. கேட்டே வாங்கிக்கறேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பவாவது ஒத்துக்குங்க மாமா. லைட்ட அணைச்சப்புறம்தான பூத்துச்சு? அந்தப் பக்கம் பாய் கிடையாது, பாருங்க."

"ஆமாம் பாய்" என்றார் கல்யாணராமன் சார். "நானும் போன்ல பார்த்தேன். வெளிச்சம் பட்டா அவரை பூக்காதாம்."

"புயல் ஓஞ்சுது. காத்து நின்னுச்சு. பூத்துது" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் போனப் பாத்துக்கினு இருங்க."

ஜுவேரியா நிழல் விழுந்த இடத்தை மறுபடியும் விரலால் கோடு போட்டுக் காட்டத் தொடங்கினாள். நான் நிற்கவில்லை. படியிறங்கிக்கொண்டே கணக்குப் போட்டேன். அடுத்த ஐப்பசிக்குள் இன்னும் ஒரு எட்டடி தைத்து இணைத்துவிட்டால் பந்தல் முழுக்கக் காற்று படாது.