நூற்றிருபது சென்டிமீட்டர்

மதியம் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனது. ஷர்மிளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. லேப்டாப்பில் இன்னும் ஒரு மணி நேரம் சார்ஜ் நிற்கும். ஆனால் மோடம் செத்துவிட்டதே! இன்றைக்கென்று பார்த்து, இந்த நேரத்தில்தானா?

ஷர்மிளா கட்டட வரைபடம் போடுகிறவள். டிப்ளமோ முடித்து கிண்டியில் ஒரு கம்பெனியில் நாலு வருடம் வரைந்தாள். 2008 பிறந்ததும் கம்பெனி பெங்களூருக்கு இடம் மாறியது, அவள் போகவில்லை. குரோம்பேட்டை ராதா நகர் வீட்டிலேயே உட்கார்ந்து இணையத்தில் வேலை தேடினாள். ஆறு மாதம் கழித்துச் சிக்கியவர்தான் டுவார்த்தே. போர்ச்சுகலில், ஆற்றங்கரையில் இருக்கும் போர்ட்டோ என்ற பழைய நகரத்து ஆர்க்கிடெக்ட்.

டுவார்த்தேவுக்கு ஆபீஸ் கிடையாது. ஒரு ஒடுக்கமான சந்தில் இருக்கும் காபிக்கடைதான் ஆபீஸ். காலையில் கடை திறந்ததும் மூலை மேசையில் லேப்டாப்பை விரித்தாரென்றால், சாப்பாடு, மீட்டிங் எல்லாம் அங்கேயே. வெப்கேமில் அவர் தலைக்குப் பின்னால் நீலப் பூப்போட்ட டைல்ஸ் சுவரும், காபி இயந்திரத்தின் ஆவியும் தெரியும். கடைக்கு நேர் எதிரே முந்நூறு வருடத்து வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைத்தான் அவர் புதுப்பிக்கப் போகிறார். ஒரு சர்வேயர் எடுத்த அளவுகளை வைத்து அந்த வீட்டை வரைந்து கொடுப்பது ஷர்மிளாவின் வேலை.

மூன்று வாரமாக வரைந்தவளுக்கு நேற்றுச் சாயங்காலம் ஒரு கணக்கு இடித்தது. வீட்டின் முகப்பு அகலம் ஒன்பது மீட்டர் இருபது. உள்ளே இரண்டு அறைகளையும் மூன்று சுவர்களையும் கூட்டினால் சரியாக எட்டு மீட்டர்தான் வருகிறது. மிச்சம் நூற்றிருபது சென்டிமீட்டர் எங்கே போனது?

கேட்டதற்கு டுவார்த்தே சிரித்தார். "சர்வேயர் வெளியே தப்பாக அளந்திருப்பார். எட்டு என்றே போட்டு அனுப்பிவிடு."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. முகப்பின் போட்டோவைப் பெரிதாக்கினாள். அந்த வீட்டுக்கும் வெளிச்சுவர் முழுக்க டைல்ஸ்தான். ஒவ்வொன்றும் பதினாலு சென்டிமீட்டர். கூரைக்குக் கீழே ஜன்னல் குறுக்கிடாமல் ஒரு வரிசை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது. காலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்தைந்து முழுசு, வெட்டி ஒட்டியது ஒன்று. பெருக்கிப் பார்த்தால் ஒன்பது இருபதேதான். சர்வேயர் தப்பே செய்யவில்லை! வீட்டுக்குள் யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. இன்று அங்கே பதினொரு மணிக்கு, இங்கே மூன்றரைக்கு, நகராட்சி அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து முடிவு சொல்லப் போகிறார்கள். நடுச் சுவரை இடித்து ஒரே கூடமாக்குவது என்பதுதான் திட்டம். இதைச் சொல்ல அவரை ஸ்கைப்பில் கூப்பிடப் போன நேரத்தில்தான் கரண்ட் போனது.

லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். தாம்பரம் வண்டி ஒன்று, பீச் வண்டி ஒன்று, இரண்டும் நிதானமாகக் கடந்து போயின. கேட் பாதி ஏறும்போதே குனிந்து நுழைந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ரத்தினபாய் அக்காவின் காபிக்கடை வாசலில் ஜெனரேட்டர் புகை கக்கிக்கொண்டிருந்தது. ஐஸ்கிரீம் பெட்டிக்காக வாங்கிய ஜெனரேட்டர். மஸ்கட்டில் இருக்கும் மகளோடு பேச அக்கா பிராட்பேண்ட் போட்டிருப்பதும் ஷர்மிளாவுக்குத் தெரியும்.

"அக்கா, ஒரு பிளக் பாயிண்ட்டும் உங்க நெட்டும் வேணும். ரொம்ப அவசரம்."

ரத்தினபாய் அவள் முகத்தைப் பார்த்தாள். ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்து மேசையிலிருந்த பிஸ்கட் பாட்டில்களை இரண்டு கையாலும் ஓரமாகத் தள்ளினாள். "உக்காரு. மிக்ஸி ஒயர புடுங்கிட்டு உன்னுத சொருகு."

அடுத்த மேசையில் மேஸ்திரி லோகநாதன் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். ஷர்மிளா திரையில் வரைபடத்தை விரித்ததும் அவர் கை பாதியில் நின்றது.

டுவார்த்தே உடனே வந்தார். அங்கே இன்னும் ஒன்பது மணியாகவில்லை. ஷர்மிளா மூச்சு விடாமல் டைல்ஸ் கணக்கைச் சொன்னாள். அவர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார்.

"எண்ணினாயா? அத்தனையையும்?"

"இரண்டு தடவை. நீங்கள் உள்ளே போய் அறைகளை மட்டும் அளந்து சொல்லுங்கள். இப்போதே."

அவர் எழுந்தார். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டார். திரையில் காபிக்கடை ஆடியது, ஒரு கல் தரை ஓடியது, சாவி திருகும் சத்தம் கேட்டது. சந்து அத்தனை குறுகல் என்பதால் கடையின் நெட் எதிர் வீடு வரைக்கும் எட்டியது. படம் உறைந்தது, உயிர் வந்தது, மறுபடி உறைந்தது.

"மூன்று நாற்பது," என்றது குரல். சற்றுப் பொறுத்து, "அடுத்த அறை மூன்று பத்து."

இரண்டும் வரைபடத்தில் இருந்ததேதான்.

லோகநாதன் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். "இன்னா மேடம் மேட்டரு?"

அவள் இரண்டே வரியில் சொன்னாள். அவருக்கு அது போதுமாயிருந்தது. "நடு செவுத்த தட்டிப் பாக்க சொல்லு. உள்ள காலியா கீதுன்னா சவுண்டே வேற மாரி வரும்."

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். டக், டக், டக் என்று வந்தது. வெளிச்சுவர். அடுத்து நடுச்சுவர். தொம், தொம். ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி அந்தத் தொம் ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது.

"காலி!" லோகநாதன் மேசையில் அடித்தார். "நான் சொல்லல? காலியா கீது!"

"இடித்துப் பார்க்கட்டுமா?" டுவார்த்தேவின் குரல் உச்சத்துக்கு ஏறியிருந்தது.

ஷர்மிளா அதை மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் பதறிப்போனார். "ஐயோ, வேணாம்னு சொல்லு! பழைய செவுரு, மேல இன்னா வெயிட்டு நிக்குதோ. கட்னவன் உள்ள பூற ஒரு வழி வச்சிருப்பான். பின்னால எதுனா கதவு, அலமாரி, அந்த மாரி கீதா பாரு."

அலமாரி! அவள் வரைபடத்தை இழுத்தாள். பின்பக்க நடையில், இரண்டு அறைகளின் கதவுகளுக்கு நடுவே, சுவரில் பதித்த ஒரு மர அலமாரி. அகலம் தொண்ணூறு. அவளே வரைந்ததுதான்; மூன்று வாரமாகக் கண்முன்னால் இருந்தது. தொண்ணூறு சென்டிமீட்டர் வெற்றிடம், முப்பது சென்டிமீட்டரில் இன்னொரு சுவர். கூட்டினால் நூற்றிருபது.

"அந்த அலமாரி! டுவார்த்தே, அலமாரியின் முதுகுப் பலகையைக் கழற்றுங்கள்!"

அவர் வெளியே யாரையோ கத்திக் கூப்பிட்டார். அந்த ஊர்க் காபிக்கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தார், இடுப்பில் ஏப்ரனோடு. இந்தக் கடையில் ரத்தினபாய் கல்லாவை விட்டுவிட்டு ஷர்மிளாவின் தோள்மேல் சாய்ந்து நின்றாள். காபிக்கு நின்றவர்கள் காபியைக் கேட்கவில்லை. பலகை முனகியது. ஒரு ஆணி கழன்று விழுந்தது. பிறகு திரை முழுக்கப் புழுதி.

புழுதி அடங்கியதும் இருட்டு. அதற்குள் ஒரு டார்ச் வெளிச்சம் நுழைந்தது. முதலில் ஒரு கல். அதற்கு மேல் ஒரு கல். அதற்கும் மேலே இன்னொன்று.

"படிக்கட்டு," என்றாள் ஷர்மிளா. "அக்கா, படிக்கட்டு!"

ரத்தினபாய் "ஏசப்பா!" என்று கூவினாள். லோகநாதன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அங்கே டுவார்த்தேவும் கடைக்காரரும் கட்டிப் பிடித்துக்கொண்டு என்னவோ கத்தினார்கள்.

முதலில் நிதானத்துக்கு வந்தவள் ஷர்மிளாதான். மணி இரண்டு பத்து. "ஏறி அளந்து வாருங்கள். ஒவ்வொரு படியின் உயரமும் அகலமும் வேண்டும். வரைபடத்தை மாற்ற வேண்டும்."

"மீட்டிங்குக்குள்ளாகவா?"

"அளவைச் சொல்லிக்கொண்டே இருங்கள்."

அவர் ஏறினார். பதினேழு படி. மேல் மாடியில் இன்னொரு அலமாரிக்குப் பின்னால் போய் முடிந்தது. அவர் சொல்லச் சொல்ல அவள் விரல்கள் பறந்தன. ரத்தினபாய் வைத்த காபி ஆடை கட்டியது. லோகநாதன் யாரையும் மேசைக்குப் பக்கத்தில் அண்டவிடவில்லை. "தள்ளி நில்லுபா, மேடம் கைய தட்டி வுட்டுடப் போற." மூன்று பத்துக்கு வரைந்து முடித்தாள். ஃபைல் நத்தை மாதிரி ஊர்ந்தது. எண்பது சதவீதத்தில் நின்றேவிட்டது. தொண்ணூறு. நூறு. மூன்று இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. கரண்ட் எப்போதோ வந்திருந்தது; அவள் வீட்டுக்குப் போகவில்லை. லோகநாதனும் சைட்டுக்குப் போன் போட்டு, "கலவைய போட்டு வைங்கடா, வரேன்," என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

ஐந்தரைக்கு ஸ்கைப் மணி அடித்தது. டுவார்த்தேவின் தலைமயிரில் இன்னும் புழுதி இருந்தது.

"நடுச் சுவரை இடிக்க வேண்டாமாம். அந்தப் படிக்கட்டையே திறந்து வைத்து வீட்டைத் திட்டமிடச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் நேரில் வந்து ஏறிப் பார்த்தார்கள், ஷர்மிளா! தொப்பை பெரிதாக இருந்த அதிகாரி மட்டும் பாதியில் மூச்சு வாங்கி இறங்கிவிட்டார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார்கள். என் உதவியாளர், இந்தியாவில் ஒரு காபிக்கடையில் இருந்து வேலை செய்கிறாள் என்றேன். நம்பவில்லை. வரைபடத்தின் அடியில் வரைந்தவர் பெயரும் ஊரும் போடச் சொன்னார்கள். உன் ஊர் சென்னைதானே?"

ஷர்மிளா ரத்தினபாயைப் பார்த்தாள். சிமெண்ட் சட்டையோடு நின்ற லோகநாதனைப் பார்த்தாள்.

"இல்லை, குரோம்பேட்டை," என்றாள். "எழுதிக்கொள்ளுங்கள், எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன்."