பதினைந்தாவது மொச்சை

செத்து முந்நூற்று எழுபது வருடமான பிஷப் வால்டரிக் ஓட்டுப்போடத் தொடங்கியது 1849 ஏப்ரலில், சிற்றாலயத்தைப் பழுதுபார்க்கிறோம் என்று அவருடைய கல்லறையை நான்கடி வடக்கே தள்ளிவைத்த மாதத்தில். ஆக்ஸ்போர்டில் எங்கள் ஆல்க்மண்ட் கல்லூரியைக் கட்டியவர் அவர்தான். ஆசிரியர்கள் பதினாலு பேர். ஆளுக்கொரு மொச்சைதான் ஓட்டு; பெட்டியில் விழுந்த மொச்சைகள் பதினைந்து. இரண்டு முறை எண்ணினோம். கல்லூரியைக் கட்டியவருக்கு ஓட்டில்லை என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை, ஆகவே ஓட்டு செல்லும் என்று தலைவர் முடிவு சொன்னார். பிறகு ஆட்டிறைச்சி சாப்பிடப் போனோம்.

அந்தத் தேர்தல் கிறிஸ்பின் ஆவ்ரிலுக்காக நடந்தது. கல்லூரியில் ஆசிரியராக இருக்கும்வரை யாருக்கும் கல்யாணம் கிடையாது. எங்கள் வசமிருந்த ஒன்பது ஊர்த் தேவாலயங்களில் ஏதாவது ஒன்றின் பாதிரியார் செத்து, அந்த இடத்துக்குத் தேர்வாகிப் போனால்தான் பெண்ணைக் கைப்பிடிக்கலாம். வெள்ளை மொச்சை சம்மதம், கறுப்பு மறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் போச்சு. ஆவ்ரிலுக்காக லவினியா ஸ்டோக்கோ ஏற்கெனவே ஏழு வருடம் காத்திருந்தாள். பதினாலு வெள்ளை விழுந்தன. பதினைந்தாவது கறுப்பு.

"ஜெபத்துல பிஷப் பேரை விட்டுட்டியாப்பா? கிழவனுக்குக் கோவம் வந்திருக்கும்," என்றார் ஆவ்ரிலிடம், கிரேக்கம் நடத்திய ஹக்ஸ்டபிள். மறுநாள் முதல் ஆவ்ரில் பிஷப்பின் ஆன்மாவுக்காக ஜெபித்தார். செத்தவருக்காக ஜெபிப்பது ரோமாபுரிக் கத்தோலிக்க வழக்கம், எங்கள் இங்கிலாந்துச் சபைக்கு ஆகாது. 1855-இல் அடுத்த பாதிரியார் மண்டையைப் போட்டபோது எங்களில் ஆறு பேர் கறுப்பு போட்டோம். நானும் போட்டேன், இன்றுவரை வெட்கப்படுகிறேன். ஏழாவது கறுப்பு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. ஆவ்ரில் ஜெபத்தை நிறுத்தினார். 1862-இல் மறுபடியும் ஒற்றைக் கறுப்பு. அவர் தோற்ற இடங்களுக்கு மற்றவர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போனார்கள். அத்தனை பேரும் கட்டை பிரம்மச்சாரிகள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருடக் கோடை விழாவுக்கு அத்தையோடு வந்த லவினியாதான் அதைக் கண்டுபிடித்தாள். நேராகச் சிற்றாலயத்துக்குப் போய், கைகூப்பிப் படுத்திருந்த கல் பிஷப்பிடம் பேசினாள்.

"ஏன் சாமி, உங்க காலத்துல பாதிரியாருக்குக் கல்யாணமே கிடையாதாமே? அதுக்கு எங்க வயித்தெரிச்சலையா கொட்டிக்கறது?" பிறகு ஆவ்ரில் பக்கம் திரும்பினாள். "எனக்கு நாப்பத்திமூணு ஆச்சு. தச்சு வச்ச திரைச்சீலையெல்லாம் பூச்சி அரிச்சிருச்சு. என்னை வேணாம்னு சொல்லிடுங்க, மொச்சை வெளுத்துடும்."

"நீ இல்லாம அந்த வீடு எனக்கெதுக்கு?" என்றார் ஆவ்ரில்.

நாங்கள் கல்லறையைப் பழைய இடத்துக்கே தள்ளிப் பார்த்தோம். பிஷப் அசைந்துகொடுக்கவில்லை. 1868 பிப்ரவரியில் லவினியா நுரையீரல் காய்ச்சலில் செத்தாள். மே மாதம் கோல்ட்பெக் ஊர்ப் பாதிரியார் போய்ச் சேர்ந்தார். முறைப்படி ஆவ்ரிலின் பெயர் வந்தது. மறுக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. பதினைந்தும் வெள்ளை. தலைவர் கைகுலுக்கினார். எங்களில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கோல்ட்பெக்கில் அவருக்குப் பதினோரு அறை வீடு கிடைத்தது. லவினியாவின் அத்தை அனுப்பிவைத்த திரைச்சீலைகளை, ஓட்டைகளோடு, எல்லா ஜன்னல்களிலும் மாட்டிக்கொண்டார். கல்லூரியில் அடுத்த தேர்தலுக்குப் பதினைந்து நாற்காலி போடச் சொன்னோம்.